நாலு வருஷமா ஜெபிக்கிறேன், மனசு மாறல. கர்த்தர் மாத்துவாருன்னு காத்திருக்கணுமா, நானா எழுந்திரிக்கணுமா?

பசுண்டவுங்_தம்பி | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இவ்ளோ நாள் இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன், கரண்ட் இருக்கறப்பவே அடிச்சு முடிச்சிடணும்னு அவசரமா அடிக்கிறேன் அதனால தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்கும் எங்கண்ணனுக்கும் 2021ல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. காரணம் பெருசு, இப்ப வேண்டாம். அவன்மேல இருக்கற கசப்ப எடுத்துப்போடுங்க ஆண்டவரேன்னு நாலு வருஷமா ஜெபிக்கிறேன், உபவாசம் இருந்திருக்கேன், ஒண்ணும் நடக்கல. அவன் பேரு காதுல விழுந்தாலே வயித்துல ஏதோ பிசையுது. போன ஞாயிறு போதகர் 2 பேதுரு 1 எடுத்து பேசினாரு, ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டியது எல்லாத்தையும் கர்த்தர் ஏற்கனவே குடுத்தாச்சு, நாமதான் எடுத்து உபயோகிக்கறதில்லன்னு. எனக்கு கோவம்தான் வந்துச்சு. குடுத்தாச்சுன்னா எங்க இருக்கு? என் கையில இல்லையே?

நான் நினைக்கிறது இதுதான், மொதல்ல கர்த்தர் என் மனச மாத்தட்டும், அப்பறம் நான் அவனுக்கு போன் பண்றேன். மனசுல ஒண்ண வச்சிகிட்டு வாயில ஒண்ணு பேசினா அது மாய்மாலம் இல்லையா? இது சரியா தப்பா சொல்லுங்க.

தௌங்கூ_டீக்கடை | செவ்வாய், இரவு 9:52

அண்ணே போன எடுங்க, நம்பர அழுத்துங்க, முடிஞ்சுச்சு. இதுக்கு போயி நாலு வருஷ உபவாசமா 😀

மழைக்கால_பறவை | செவ்வாய், இரவு 10:15

டீக்கடை, எல்லாத்துலயும் வெளையாட்டு வேண்டாம், அவரு வலியில கேக்கறாரு.

தம்பி, அவசரப்படாதீங்க. யாத்திராகமம் 14:14 பாருங்க, கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்னுதான் இருக்கு. சும்மா இருக்கறதும் விசுவாசம்தான். நாமளா முண்டிகிட்டு போயி காரியத்த கெடுத்துக்கறதுக்கு அவரு வேளைக்கு விட்டுடறது நல்லது.

இன்செயின்_மாணவன் | செவ்வாய், இரவு 11:03

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்கு அடுத்த வசனத்தையும் சேர்த்து படிக்கணும். 14ல மோசே ஜனங்கள பாத்து சும்மாயிருப்பீர்கள்ங்கறாரு. 15ல கர்த்தர் மோசேகிட்டயே, நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன, புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லுன்னு சொல்றாரு. கவனிச்சீங்களா, அந்த நேரம் கடல் இன்னும் பொளக்கல. கீழ்க்காத்து ராத்திரி பூரா அடிச்சது 21ம் வசனத்துலதான் வருது. பொறப்படுன்னு சொன்னது மொதல்ல, வழி தெறந்தது அப்பறம். யோர்தான்லயும் அப்படியேதான், யோசுவா 3ல ஆசாரியங்க கால் தண்ணியில பட்ட பிற்பாடுதான் தண்ணி நின்னுச்சு, அதுவும் அறுப்புக்காலம், கரை பொரண்டு ஓடற நேரம்.

இதுக்காக மனுஷன் தன் முயற்சியில தேவனை எட்டிடலாம்னு நான் சொல்ல வரல. அப்படி சொன்னவர்தான் பெலாஜியுஸ்ங்கற பழைய காலத்து துறவி, 418ல கார்த்தேஜ்ல கூடின சபைத் தலைவர்களோட சங்கம் அத தள்ளுபடி பண்ணிச்சு. மொத அடி மட்டும் நம்மளது மிச்சம் தேவனோடதுன்னு கொஞ்சம் எறங்கி வந்து பேசினவங்களையும் 529ல பிரான்ஸ்ல ஆரஞ்சுங்கற ஊர்ல கூடின சங்கம் ஒத்துக்கல, அந்த மொத ஆசையே கிருபைதான்னுச்சு. அதனால தம்பி, அண்ணன்கூட சேரணும்னு உங்களுக்கு தோணுதுல்ல, இந்த இழைய ஆரம்பிக்கணும்னு தோணுச்சுல்ல, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? பிலிப்பியர் 2:13 அதத்தான் சொல்லுது, விருப்பத்தையும் செய்கையையும் அவரே உண்டாக்குறாருன்னு. அதுக்கு முந்தின வசனம் பிரயாசப்படுங்கள்ங்குது. ரெண்டும் ஒரே மூச்சுல வருது, பவுலுக்கு அது முரண்பாடாவே தெரியல.

2 பேதுருவுலயும் 3ம் வசனம் தந்தருளினதுன்னு முடிஞ்சுபோன காலத்துல இருக்கு, 5ம் வசனம் இப்படியிருக்க, நீங்கள் அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்னு ஆரம்பிக்குது. குடுத்துட்டாரு அதனால நீ சும்மா இருன்னு பேதுரு எழுதல, குடுத்துட்டாரு இப்படியிருக்க நீ எழுந்திருன்னு எழுதறாரு. எனக்கு அந்த "இப்படியிருக்க"ங்கற ஒரு வார்த்தைக்கே ஒரு பிரசங்கம் பண்ணலாம்னு தோணும் ஆனா நாளைக்கு பரீட்சை இருக்கு.

சிரியம்_ஐயா | புதன், காலை 6:20

மாணவன் தம்பி நல்லா எழுதியிருக்கார், கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. நான் படிச்சவன் இல்ல, பழைய ஆளு, நீளமா எழுதுவேன், சலிச்சுக்காதீங்க.

நம்ம ஊர் கதையே ஒண்ணு இருக்கு. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813ல ரங்கூன் வந்து எறங்கினாரு, மொத பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுத்தது 1819ல. ஆறு வருஷம் ஒருத்தரும் வரல, அந்த ஆறு வருஷமும் மனுஷன் ஜெபம் மட்டும் பண்ணிட்டு உக்காரல, பர்மா பாஷை படிச்சாரு, இலக்கணம் எழுதினாரு, வழிப்போக்கர் தங்கற மாதிரி ரோட்டோரமா ஒரு சாவடி கட்டி அதுல உக்காந்து போறவன் வர்றவன்கிட்டல்லாம் பேசினாரு. 1824ல வெள்ளக்காரனுக்கும் ஆவால இருந்த பர்மா ராஜாவுக்கும் சண்டை வந்ததும் இவர வேவுகாரன்னு புடிச்சு ஆவா ஜெயில்ல போட்டுட்டாங்க. அவரு மொழிபெயர்த்து வச்சிருந்த பர்மா புதிய ஏற்பாட்டு கையெழுத்து, ஒரே பிரதி, அத அவரு சம்சாரம் ஆன் அம்மா மொதல்ல மண்ணுக்குள்ள பொதச்சு வச்சாங்க. மழைக்காலம் வந்தா மக்கிடுமேன்னு எடுத்து பஞ்சோட வச்சு ஒரு தலகாணியா தச்சு ஜெயிலுக்குள்ள குடுத்துவிட்டாங்க. கல்லு மாதிரி தலகாணி, எந்த காவல்காரனும் ஆசப்படக் கூடாதுன்னே அப்படி தச்சாங்களாம்.

அப்பறம் கைதிங்கள வேற எடத்துக்கு இழுத்துட்டு போனப்ப காவல்காரன் மேல சுத்தியிருந்த பாய உருவிகிட்டு அந்த பஞ்சு உருண்டைய தூக்கி வீசிட்டான். மவுங் இங்னு ஒரு விசுவாசி, ஐயரோட ஞாபகமா இருக்கட்டும்னு அத எடுத்துட்டு வீட்டுக்கு போயிட்டாரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு தெரியாது. மாசக்கணக்குக்கு அப்பறம் பிரிச்சா கையெழுத்து அப்படியே முழுசா இருக்கு. 1834ல வேதாகமம் பூராவும் மொழிபெயர்த்து முடிச்சாரு, திருத்தி அச்சடிச்சது 1840.

அந்த மவுங் இங் குனிஞ்சு எடுக்கறப்ப அவரு நெஞ்சுல பெரிய விசுவாச அனல் எரிஞ்சுதா, தேவதூதன் வந்து சொன்னானா, எனக்கு தெரியாது. ஒரு அழுக்கு பஞ்சு உருண்டைய எடுத்தாரு, அவ்ளோதான்.

தம்பி கேட்டதுக்கு வர்றேன். குடுத்தாச்சுன்னா எங்கன்னு கேட்டீங்க. 2 இராஜாக்கள் 4ல அந்த விதவை அம்மா வீட்டுல இருந்தது ஒரு குடம் எண்ணெய். எலிசா என்ன சொன்னாரு, போயி அக்கம்பக்கத்துல காலி பாத்திரம் கேட்டு வாங்கு, கொஞ்சமா வாங்காதன்னாரு. மொதல்ல எண்ணெய் பெருகட்டும் அப்பறம் பாத்திரம் தேடிக்கலாம்னு அந்தம்மா உக்காந்திருந்தா? பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்னுபோச்சுன்னுதான எழுதியிருக்கு. பாத்திரத்த நீட்டுங்க தம்பி. காலி பாத்திரம்தான் வேணும், நெறஞ்சது வேண்டாம்.

தௌங்கூ_டீக்கடை | புதன், காலை 7:05

ஐயா இத தமிழ்ல படிச்சு முடிக்க எனக்கு ரெண்டு டீ ஆறிப்போச்சு (எனக்கு எழுத்து சண்டே ஸ்கூல்ல கத்துகிட்டதுதான், தமிழ் பள்ளிக்கூடத்தத்தான் எங்கப்பா காலத்துலயே மூடிட்டாங்களே) ஆனா தலகாணி மேட்டர் சூப்பர். நேத்து நான் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க பசுண்டவுங் அண்ணே.

மழைக்கால_பறவை | புதன், பகல் 1:30

எல்லாரும் ரொம்ப அழகா பேசறீங்க. என் பக்கமும் கேளுங்க.

எங்க வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. வலது கை வலது கால் வராது, பேச்சு கொழறுது. சர்ச்ல இருந்து வந்து ஜெபம் பண்ணிட்டு போறவங்க என்ன சொல்றாங்க தெரியுமா, எழுந்திரு உன் படுக்கைய எடுத்துகிட்டு நடன்னு விசுவாசத்துல அடி எடுத்து வைய்யுங்க பிரதர்ங்கறாங்க. ஒரு நாள் ஒரு ஊழியர் அவர புடிச்சு நிக்க வச்சிட்டு கைய விட்டுட்டாரு. விழுந்தாரு. அப்பறம் என்கிட்ட, சிஸ்டர் வீட்டுல எங்கயோ அவிசுவாசம் இருக்குன்னுட்டு போயிட்டாரு.

கர்த்தர் குடுத்துட்டாரு நீதான் எடுத்துக்கலன்னு சொல்றது ரொம்ப சுலபம். எடுத்துக்க கை வராதவங்கள என்ன செய்வீங்க? நான் காத்திருங்கன்னு சொன்னது சோம்பல்ல இல்ல. காத்திருக்கறத தவிர எனக்கு வேற என்ன இருக்கு. காலைல எழுந்தா அவருக்கு சுத்தம் பண்ணி கஞ்சி ஊட்டி, தண்ணி புடிச்சு, வீசை கணக்குல பூண்டு வாங்கி உரிச்சு குடுத்துதான் வீட்டு செலவு ஓடுது. இதுல நான் இன்னும் என்ன அடி எடுத்து வைக்கணும்?

நெறியாளர் | புதன், பகல் 2:10

சகோதரிக்கு பதில் எழுதறவங்க ஒருக்க யோசிச்சிட்டு எழுதுங்க. வசனத்த கல்லு மாதிரி எறியற பதிவு எதுவும் இங்க நிக்காது. நேத்து ராத்திரி வந்த அரசியல் பதிவு ரெண்டையும் எடுத்துட்டேன், காரணம் எல்லாருக்கும் தெரியும்.

மோல்மேன்_அக்கா | புதன், மாலை 5:45

பறவை, உன்ன விட நான் மூத்தவளாத்தான் இருப்பேன், அதனால நீன்னே கூப்பிடறேன். அந்த ஊழியர் செஞ்சது விசுவாசம் இல்லம்மா, முட்டாத்தனம். கைய விட்டவன் அவன், அவிசுவாசம் உன் வீட்டுலயா? எனக்கு படிக்கவே ரத்தம் கொதிச்சுச்சு.

நான் கத்தோலிக்கு, உங்க அளவுக்கு வசனம் நம்பரோட வராது, ஆனா பூசையில கேட்டது ஞாபகம் இருக்கு. பெத்தேஸ்தா குளத்துல அந்த ஆளு 38 வருஷமா கெடந்தான். ஆண்டவர் வந்து கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான், என்னைய குளத்துல எறக்கிவிட ஒருத்தரும் இல்லன்னான். அவன ஆண்டவர் திட்டல. உனக்கு விசுவாசம் பத்தலன்னும் சொல்லல. இன்னொரு எடத்துல கப்பர்நாகூம்ல ஒரு திமிர்வாதக்காரன், அவன் ஒரு அடிகூட எடுத்து வைக்கல, நாலு பேரு தூக்கிட்டு வந்து கூரைய பிரிச்சு எறக்கினாங்க. ஆண்டவர் பாத்தது அந்த நாலு பேரோட விசுவாசத்த. அப்ப உன் விஷயத்துல எழுந்திரிக்க வேண்டியது உன் புருஷன் இல்ல, நீயும் இல்ல, அந்த நாலு பேரு. உன் சர்ச்ல வந்து ஜெபம் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு போறாங்களே அவங்க. பூண்டு உரிக்க ஒரு ஆளு, அவர குளிப்பாட்ட ஒரு ஆம்பள, அது அவங்க எடுக்க வேண்டிய அடி.

ஆனா ஒண்ணு கேக்கறேன் கோவிக்காத. நீ கேட்டியா அவங்ககிட்ட? இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த நமக்கு பர்மாக்காரங்க சொல்ற அந்த அனாதே ஒட்டிகிச்சு. அடுத்தவங்களுக்கு தொந்தரவு குடுக்க கூடாது, கேட்டா சங்கடப்படுவாங்க, வேண்டாம் விடு. எங்க வீட்டுல எங்கம்மா சாகற வரைக்கும் அனாதே அனாதேன்னு சொல்லி சொல்லியே அனாதையா படுத்து கெடந்தா. வாய தொறந்து கேளு. உன்னால எடுக்க முடிஞ்ச அடி அது ஒண்ணுதான்னு எனக்கு படுது.

பசுண்டவுங் தம்பிக்கு. மனசு மாறாம பேசினா மாய்மாலம்னு எழுதியிருந்தீங்க. நானும் என் நாத்தனாரும் 11 வருஷம் பேசல. நானும் உங்கள மாதிரிதான் மாதாகிட்ட அழுதேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இதையே சொன்னேன், அவமேல அன்பு வரட்டும் சாமி அப்பறம் பேசறேன்னு. அவரு, அன்பு வர்ற வரைக்கும் சோறு போடாம இருப்பியா உன் பிள்ளைக்குன்னு கேட்டாரு. எரிச்சலோட போடற சோத்துலயும் பிள்ள வளருதுல்லன்னாரு. அப்பறமும் நான் போகல, அது வேற. பிப்ரவரியில ஞாவ்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு போறப்ப ஒரே வண்டியில எனக்கு முன்னாடி சீட்ல அவ. வெயிலு. அவ பாட்டில்ல தண்ணி தீர்ந்துபோச்சு. என் பாட்டில நீட்டினேன். கசப்போடதான் நீட்டினேன், கை ஆடுச்சு. வாங்கி குடிச்சா. அந்த நிமிஷம் ஒண்ணும் தோணல. ரெண்டு மூணு வாரம் கழிச்சு அவள நெனச்சப்ப நெஞ்சு கரிக்கலங்கறத கவனிச்சேன்.

பசுண்டவுங்_தம்பி | புதன், இரவு 8:50

அக்கா நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். சரி, சொல்றேன்.

2021 ஜூலை. கொரோனா மூணாவது அலை. ரங்கூன்ல இருந்தவங்களுக்கு அந்த மாசம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. அப்பாவுக்கு ஆக்ஸிஜன் எறங்கிகிட்டே வருது, 40 லிட்டர் சிலிண்டர சைக்கால (சைக்கிள் ரிக்‌ஷா) ஏத்திகிட்டு நான் ஃபில் பண்ற எடத்துல க்யூவுல நிக்கிறேன், விடிகாலைல போனா சாயங்காலம் வரைக்கும். வீட்டுல அம்மா மட்டும். அண்ணன் வந்து அப்பா பக்கத்துல இருக்கணும், இல்ல க்யூவுல என்ன மாத்திவிடணும். போன் ஸ்விட்ச் ஆஃப். மூணு நாள். மூணாவது நாள் சிலிண்டரோட நான் வீட்டுக்கு வர்றப்ப தெரு முனையிலயே தெரிஞ்சுபோச்சு, அம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க.

அடக்கம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு வந்தான். ஏன் வரலன்னு கேட்டேன், தலைய குனிஞ்சு நின்னான், பதில் சொல்லல. பயந்துட்டான்னு அண்ணி பின்னாடி அம்மாகிட்ட சொன்னாங்களாம், சின்ன புள்ளைங்க வீட்டுல. எல்லாரும்தான் பயந்தோம். நானும்தான் பயந்தேன்.

அதான் கசப்பு. இதுக்கு நான் தண்ணி பாட்டில நீட்டணுமா?

இன்செயின்_மாணவன் | புதன், இரவு 9:30

அண்ணே, நேத்து நான் சங்கம் அது இதுன்னு எழுதினதுக்கு வெக்கமா இருக்கு. எனக்கு அந்த ஜூலையில எங்க தாத்தா போனாரு.

ஒண்ணு மட்டும். மன்னிக்கறதும், நடந்தது பரவாயில்லன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. ரோமர் 12:18ல பவுல் கூடுமானால், உங்களாலானமட்டும்னு ரெண்டு கண்டிஷன் போடறாரு. அவன் பக்கத்து கணக்கு உங்க கையில இல்ல. உங்களாலானமட்டும் எவ்ளோன்னு நீங்கதான் பாக்கணும், அது ஒரு போன்காலா இருக்கலாம், அதுக்கும் கம்மியாக்கூட இருக்கலாம்.

சிரியம்_ஐயா | வியாழன், காலை 6:05

தம்பி, ராத்திரி தூக்கம் வரல, உங்களுக்காக ஜெபம் பண்ணேன்.

2008 மே, நர்கிஸ் அடிச்ச மறுநாள் ஞாபகம் வருது. சர்ச் வாசல்ல ரெண்டு பெரிய மரம் சாஞ்சு கெடக்குது, கூரைல பாதி இல்ல, நாங்க பத்து பதினஞ்சு பேரு உள்ள முழங்கால் போட்டு, ஆண்டவரே உதவி அனுப்பும்னு அழுதுகிட்டு இருக்கோம். வெளிய கர் கர்னு சத்தம். எட்டிப் பாத்தா பக்கத்து மடத்து பிக்குங்க ரம்பம் வச்சு நம்ம வாசல் மரத்த அறுத்துகிட்டு இருக்காங்க. போதகர் பாதி ஜெபத்துல ஆமென்னுட்டு வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு எறங்கிட்டாரு. அன்னிக்கு எனக்கு சிரிப்பும் வந்துச்சு வெக்கமும் வந்துச்சு. உதவி அனுப்பும்னு நாங்க கண்ண மூடிகிட்டு கேட்டோம், அது காவி கட்டிகிட்டு ரம்பத்தோட வந்து நின்னுச்சு.

பெரிய அடி வேண்டாம் தம்பி. இன்னிக்கு ராத்திரி ஜெபிக்கறப்ப, என் கசப்ப எடுத்துப்போடுன்னு கேக்காதீங்க, நாலு வருஷம் கேட்டாச்சு. அதுக்கு பதிலா உங்கண்ணன் பேர சொல்லி, அவன் புள்ளைங்க பேர சொல்லி, அவங்களுக்கு ஒரு நன்மை கேளுங்க. காய்ச்சல் வரக்கூடாது, அரிசி தீரக்கூடாது, அந்த மாதிரி. பல்ல கடிச்சிகிட்டே கேளுங்க, கர்த்தருக்கு உங்க பல்லு சத்தம் கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது. மத்தேயு 5:44தான் இது, புதுசு ஒண்ணும் இல்ல.

பறவை அம்மாவுக்கு, நீங்க எந்த டவுன்ஷிப்? தனிமடல்ல சொன்னா போதும். சிரியம் பாலம் தாண்டி வர்ற தூரம்னா நானும் என் மருமகனும் சனிக்கிழமை வர்றோம். மருமகன் ஆஸ்பத்திரியில நோயாளிங்கள தூக்கி பழகினவன், உங்க வீட்டுக்காரர நல்லா குளிப்பாட்டிவிடுவான். நான் பூண்டு உரிப்பேன். ஜெபம் நீங்க சொன்னா பண்றோம், சொல்லலன்னா இல்ல.

மழைக்கால_பறவை | வியாழன், பகல் 12:20

ஐயா, வேண்டாம்னு டைப் பண்ணி அழிச்சேன். மறுபடி டைப் பண்ணி அழிச்சேன். தனிமடல் போட்டிருக்கேன்.

தௌங்கூ_டீக்கடை | வியாழன், பகல் 12:41

நான் தௌங்கூல இருந்து வர முடியாது அக்கா ரோடு அப்படி இருக்கு, ஆனா இங்க பூண்டு வெல கம்மி, லைன் கார்ல (பஸ்ல) அனுப்பி வைக்கிறேன். ஐயா அட்ரஸ் குடுங்க.

பசுண்டவுங்_தம்பி | ஞாயிறு, இரவு 10:10

மூணு நாளா விபிஎன் வேலை செய்யல, இப்பதான் உள்ள வர முடிஞ்சுது.

வியாழன் ராத்திரி ஐயா சொன்ன மாதிரி ஜெபிச்சேன். நல்லா இல்ல. அவன் சின்னவ பேர சொல்றப்ப அவளுக்கு இப்ப என்ன வயசுன்னு யோசிச்சு பாத்தேன், தெரியல. எட்டா ஒன்பதா. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெள்ளியும் ஜெபிச்சேன். சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனப்ப, ஃபேன் நின்ன அந்த நேரத்துல, யோசிக்காம போன் அடிச்சிட்டேன். மனசு மாறல, அத இங்க உண்மையா சொல்லிடறேன், வயிறு அப்படியேதான் பிசைஞ்சுச்சு.

ரெண்டாவது ரிங்லயே எடுத்தான். தம்பியான்னான். ஆமான்னேன். அப்பறம் ரெண்டு பேரும் என்ன பேசறதுன்னு தெரியாம அரிசி வெல பேசினோம். அம்மா முட்டி வலி பத்தி கேட்டான். நான் சின்னவளுக்கு என்ன வயசுன்னு கேட்டேன். ஒன்பதாம். அப்பா பத்தி அவனும் எடுக்கல நானும் எடுக்கல. வைக்கறப்ப, ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேட்டான். அடுத்த ஞாயிறு வான்னேன், இந்த ஞாயிறு எனக்கு முடியாது போல இருந்துச்சு.

அம்மாகிட்ட சொன்னேன். ஒண்ணும் சொல்லல, எழுந்து போயி அரிசி பானைய தொறந்து பாத்தாங்க எவ்ளோ இருக்குன்னு.

மோல்மேன்_அக்கா | ஞாயிறு, இரவு 10:32

ஒன்பது வயசு புள்ளைக்கு மொயிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) காரமா பண்ணிடாதீங்க, அம்மாகிட்ட சொல்லு.